ஏலத்தில் இடம் வாங்கலாமா?
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் எனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார். இந்தத் தலைப்பு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் லிஃப்ட்டில் சி பிளாக் தம்பி ஒருவர் கேட்டார்: "அங்கிள், அமெரிக்காவில் வரி கட்டாத வீட்டை ஏலத்தில் அள்ளிக் கொடுக்கிறார்களாம், வீடியோ பார்த்தேன். நம்ம குன்றத்தூரில் அந்த மாதிரி கிடையாதா?" அவரும் ஒரகடத்தில் கூட வேலை பார்க்கும் நண்பர்கள் மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இடம் வாங்கும் யோசனையில் இருக்கிறார்கள். அவரை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை.

அங்கே அது நடப்பது உண்மைதான். சொத்து வரி பாக்கி விழுந்தால் கவுண்டி நிர்வாகம் வீட்டையே விற்றுவிடும். ஆனால் வீடியோவில் வராத ஒரு வழக்கும் இருக்கிறது. மினசோட்டா மாநிலத்தில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டிக்கு நம்மைப் போலவே ஓர் அடுக்குமாடி வீடு. வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து பாக்கி சுமார் 15,000 டாலர். ஹென்னபின் கவுண்டி அந்த வீட்டை 40,000 டாலருக்கு விற்று, மீதி 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம், அவருக்கு 94 வயதானபோது, உபரிப் பணத்தை அரசு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. மலிவாகக் கிடைக்கிறது என்றால் யாரோ ஒருவர் இழக்கிறார், அவ்வளவுதான்.

நம் ஊரில் சொத்து வரி பாக்கிக்காக வீடு ஏலத்துக்கு வருவதை நான் என் அனுபவத்தில் பார்த்ததில்லை. நில வருவாய் பாக்கிக்கு விற்க 1864-ம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் இன்றும் இருக்கிறது. அதிலும் ஏலம் முடிந்து 30 நாளுக்குள் பழைய சொந்தக்காரர் பாக்கியோடு, எடுத்தவருக்கு 5 சதவீதம் சேர்த்துக் கட்டினால் விற்பனை ரத்தாகிவிடும். எனவே அதை நம்பிப் பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். (இடையில் ஒன்று. நம் நகராட்சிக்கு அரையாண்டு வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. இன்னும் கட்டாதவர்கள் கையைத் தூக்க வேண்டாம், கட்டிவிடுங்கள்.)

நிஜமாகவே இங்கே நடப்பது வங்கி ஏலம். 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டத்தின்படி, கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி அடமானச் சொத்தை விற்கலாம். முதலில் 60 நாள் நோட்டீஸ். பிறகு சுவாதீன நோட்டீஸ், அதன் பிறகு ஏல அறிவிப்பு. அரசு வங்கிகள் 'பேங்க்நெட்' இணையதளத்தில் போடுகின்றன. குன்றத்தூர், மாங்காடு, படப்பை என்று தேடினால் பட்டியல் வரும். ரிசர்வ் விலையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

2018-ல் ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் ஒரு தனி வீடு. ரிசர்வ் விலை 31 லட்சம், வெளியில் 42 லட்சம் போகும் என்று புரோக்கர் சொன்னார். எந்த வங்கி என்பது இங்கே தேவையில்லை. இ.எம்.டி. 3 லட்சத்து 10 ஆயிரம் கட்டி, 33 லட்சத்துக்கு எடுத்தேன். அன்று இரவு வீட்டில் பாயசம்.

மறுநாள் காலையில் கணக்கு தொடங்கியது. ஏலத் தொகையில் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதி 75 சதவீதம் 15 நாளில். வங்கி எழுத்தில் ஒத்துக்கொண்டால் மூன்று மாதம் வரை நீளும், அது அவர்கள் இஷ்டம். கட்டாவிட்டால் கொடுத்த பணம் போச்சு. ஹவுசிங் லோன் வாங்கிக் கட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நான் போய்க் கேட்ட இரண்டு இடத்திலும், "அடையாள சுவாதீனம்தானே சார் இருக்கு, உள்ளே ஆள் இருக்காங்களே" என்று கையை விரித்துவிட்டார்கள். என் மனைவியின் நகையும் மச்சானின் சேமிப்பும்தான் அந்த 15 நாளைக் கடத்தின.

அடையாள சுவாதீனம் என்றால் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், சாவி அவர்களிடம் இல்லை என்று பொருள். ஏல அறிவிப்பில் அந்த வார்த்தை இருந்தது. நான் படித்தேன், புரிந்துகொள்ளவில்லை. சாவி வாங்க வேண்டுமானால் வங்கி 14-ம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடம் மனு போட வேண்டும். இதற்கிடையில் கடன்காரர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அது அவர் உரிமை. எனக்குச் சாவி கிடைக்கப் பதினொரு மாதம் ஆனது.

நான் செய்த பெரிய தப்பு, ஏலத்துக்கு முன்னால் அந்த வீட்டைப் போய்ப் பார்க்காதது. போயிருந்தால் தெரிந்திருக்கும். முன்பக்கம் ஒரு லேத் பட்டறை. ஒரகடம் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுத்தவர், ஆர்டர் நின்றதும் விழுந்துவிட்டார். பட்டறைக்கான மின் இணைப்பில் மட்டும் 86,000 ரூபாய் பாக்கி. முத்திரைத் தீர்வை, மின்பாக்கி, வரி பாக்கி, வக்கீல், மச்சானுக்கு வட்டி, அந்தப் பதினொரு மாதம் நான் கொடுத்த வாடகை எல்லாம் கூட்டினால் 39 லட்சத்தைத் தாண்டியது. நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். எஃப்.டி.யில் போட்டிருந்தால் தூங்கியிருப்பேன்.

சாவி வாங்கிய அன்று நான் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன். போலீஸ், தாசில்தார் அலுவலக ஆட்கள் எல்லோரும் போன பிறகு அவர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "சார், அந்த கம்ப்ரசரை மட்டும் நாளைக்கு வந்து எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். நாளைக்கென்ன, அடுத்த வாரம் வாங்க என்றேன். அவர் வரவே இல்லை. கம்ப்ரசர் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பாக்கி விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு, அதைத் தெளிவாகச் சொல்கிறேன். 1971-ல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில், பழைய சொத்து வரி பாக்கி இருப்பது தெரியாமல் ஏலத்தில் வாங்கியவரின் சொத்தை அந்தப் பாக்கிக்காகப் பிடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுத் தைரியமாக இருக்காதீர்கள். இன்றைய ஏல அறிவிப்புகளில் 'உள்ளது உள்ளபடியே, எல்லாப் பாக்கியும் வாங்குபவர் பொறுப்பு' என்று எழுதியிருப்பார்கள். தெரியாது என்று சொல்ல வழியில்லை. மின் பாக்கிக்கு 2023 மே மாதத் தீர்ப்பு இன்னும் கடுமை. மின்வாரிய விதியில் இடமிருந்தால், பழைய பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று வாரியம் சொல்லலாம்.

ஆகவே தம்பி, இ.எம்.டி. கட்டுவதற்கு முன் நேரில் போங்கள். பக்கத்து வீட்டில் பேசுங்கள். 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். பட்டாவும் புலப்படமும் தரையும் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்கும் அடையாற்றுக்கும் நடுவில் இருக்கிறோம், 2015 டிசம்பரில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பெட்டிக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கிறதா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி, பராமரிப்பு பாக்கி எவ்வளவு என்று அங்குள்ள சங்கத்திடம் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து வாங்குவதானால் யார் பெயரில் விற்பனைச் சான்றிதழ் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முழுப் பணமும் கையில் இல்லாமல் போகவே போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் செயலாளரிடம் நேரம் கேட்டேன். நம் வளாகத்திலேயே ஒரு கதவில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அதைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டவர் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். "என்ன ரேட்டுக்கு வரும்?" என்று கீழே கேட்டவர்களும் நம்மவர்களே.

அந்தக் குடும்பத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. 13-ம் பிரிவு 8-ம் உட்பிரிவின்படி, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன் முழு பாக்கியையும் செலவோடு கட்டிவிட்டால் வங்கி விற்க முடியாது. வெளியான பிறகு அந்த உரிமை இல்லை என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸில் தப்பு இருந்தால் 45 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஒரே தவணையில் குறைத்து முடிக்கும் பேச்சுக்கு வங்கிக் கிளையில் போய் உட்காரலாம், கூட வர நான் தயார். நானே போய்க் கதவைத் தட்டினால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். அவர்களுக்கு நெருக்கமானவர் யாராவது இங்கே இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். ஞாயிறு காலை 10 மணிக்கு நூலக அறையில் இருப்பேன். நோட்டீஸ் நகலும் கடன் கணக்கு விவரமும் எடுத்துவரச் சொல்லுங்கள்.