பாதிரிக்குடியார் இரட்சை

(மகாவீரர் திருப்பிறப்பு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் கழிஞ்சமலை என்னும் குன்று உள்ளது. அதன் குகைத்தளத்தின் நெற்றியில் ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. முனிவர் தங்குவதற்குக் குகையை அமைத்துக் கொடுத்த செய்தியை அவை கூறுகின்றன. பல நூற்றாண்டுகள் கழித்து அதே குன்றில் தீர்த்தங்கரர் திருமேனி ஒன்று புடைப்பாகச் செதுக்கப்பட்டது. அதனருகில் உள்ள வட்டெழுத்துச் சாசனம் மலையின் பெயரைத் திருப்பிணையன்மலை என்று குறிக்கிறது. திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்றும், அது பாதிரிக்குடியார் இரட்சை என்றும் அச்சாசனம் தெரிவிக்கிறது. இரட்சை என்பது காவல். திருமேனியைச் செய்வித்த முனிவர் அதன் காவலை அருகில் வாழ்ந்த ஊராரிடம் ஒப்படைத்தார்.

ஒப்படைத்த காவல் வெறுங்கையோடு நடைபெற்றதில்லை என்பதையும் அக்காலத்துக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சமணப் பள்ளிகளுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. அந்நிலத்திலிருந்து வரவேண்டிய வரியை அரசு விட்டுக்கொடுத்தது. அதன் விளைச்சல் பள்ளியைக் காத்தது. ஊரார் காவலும் அரசின் பொருளும் இணைந்தே நின்றன. அவ்விணைப்பு இந்நாளில் அரிட்டாபட்டிக்குத் தேவைப்படுகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

முனிவர் இக்குன்றுகளைத் தேர்ந்ததற்குக் காரணம் தனிமை மட்டுமன்று. மழைக்காலத்தில் முளைத்தெழும் புல்லையும் ஊர்ந்து திரியும் சிற்றுயிர்களையும் மிதியாதிருக்க, நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குதல் சமணத் துறவியர் நோன்பு. அப்படித் தங்குவதற்கு நனையாத படுக்கையும் வற்றாத நீரும் வேண்டும். குகையின் மேல்விளிம்பில் காடி வெட்டி, வழிந்துவரும் மழைநீர் கற்படுக்கையில் விழாமல் திருப்பினர். குடிநீரைப் பாறையின் வெடிப்புகளில் ஊறும் சுனைகள் தந்தன. நீரிலும் உயிர் உண்டு என்று கருதி அதை வடித்து அருந்தியவர்கள், நீர் பிறக்கும் இடத்திலேயே வாழ்ந்தனர்.

அந்தச் சுனைகள் இன்றும் ஊறுகின்றன. அரிட்டாபட்டிப் பகுதியில் 7 குன்றுகளும், 72 ஏரிகளும், 200 இயற்கைச் சுனைகளும், 3 தடுப்பணைகளும் உள்ளன என்பது தமிழக அரசே வெளியிட்ட கணக்கு. ஏறத்தாழ 250 பறவை இனங்கள் அங்குக் காணப்படுகின்றன. லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் அப்பாறை முகடுகளில் திரிகின்றன. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு ஆகியவற்றுக்கும் அதுவே உறைவிடம். இவற்றைக் கருதி 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193.42 ஹெக்டேர் நிலம் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அத்தகைய அறிவிப்பைப் பெற்ற முதல் இடம் அதுவே.

அறிவிப்பு வந்து இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் சோதனை வந்தது. 2023-இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம், டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் உரிமையை ஒன்றிய அரசிடம் சேர்த்தது. அதன்படி 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போயிற்று. ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் பரப்புடைய அத்தொகுதிக்குள் மரபுத் தலமும் அடங்கியிருந்தது. ஊரார் கிளர்ந்தெழுந்தனர். டிசம்பர் 9 அன்று தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் உழவரும் பெண்களும் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை நடந்தே சென்றனர். ஜனவரி 23 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை இரத்துச் செய்தது.

பாதிரிக்குடியார் தம் இரட்சையை நிறைவேற்றினர் என்று மகிழலாம். ஆனால் ஓர் ஊர் தன் சுனைகளைக் காக்க ஆண்டுதோறும் நடைப்பயணம் போக இயலாது. இரத்தான ஏலம் ஓர் ஆணையால் இரத்தானது. பிறிதோர் ஆணை வேறொரு கனிமத்தின் பெயரால் வரக்கூடும். மேலூர் வட்டாரத்துக் குன்றுகள் பல கருங்கல்லாக அறுக்கப்பட்டு வெளியேறியதைக் கண்ட மக்களுக்கு அந்த அச்சத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இதற்கு வழி சொல்லாமல் விடவில்லை. மரபுத் தலங்களின் மேலாண்மைக்கும் பாதுகாப்புக்கும் மாநிலப் பல்லுயிர் நிதியைச் செலவிட வேண்டும் என்றும், அறிவிப்பால் வாழ்வாதாரம் பாதிக்கப்படுவோர்க்கு ஈடு செய்ய மாநில அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் அதற்கென உள்ளூர் நிதியும் உண்டு. எனினும் உள்ளூர் நிதிக்கு மாநில அரசு பணம் அளிப்பதைப் பற்றிப் பேசும் இடத்தில் சட்டத்தின் சொல் 'அளிக்கலாம்' என்பதே. 'அளிக்க வேண்டும்' என்பதன்று. சட்டமன்றம் ஒதுக்கினால் உண்டு, ஒதுக்காவிட்டால் இல்லை. குழு பெயர்ப்பலகையாய் இருப்பதும் உயிருள்ள அமைப்பாய் இயங்குவதும் இந்த ஒரு சொல்லைப் பொறுத்தவை.

மனம் இருந்தால் பொருள் ஒதுக்க இயலும் என்பதற்குச் சான்றும் இம்மாநிலத்திலேயே உண்டு. வரையாட்டின் பாதுகாப்புக்கெனத் தமிழக அரசு 2022-இல் 25.14 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தது. அதே ஆண்டு கடவூரில் தேவாங்குச் சரணாலயம் அமைந்தது. பெயர்பெற்ற விலங்கு இருக்கும் இடத்துக்குப் பொருள் வருகிறது. சுனையும் சிறு குன்றும் ஊர் ஏரியும் உள்ள இடத்துக்கும் அவ்வாறே வரவேண்டும். ஓரறிவு உயிர்க்கும் ஐயறிவு உயிர்க்கும் கொல்லாமையில் வேறுபாடு காணாத சமயத்தார் இதைக் கேட்காவிடில் வேறு யார் கேட்பர்?

நீரைப் பற்றிய சட்டங்களில் உள்ள இடைவெளி இன்னும் பெரிது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆற்றையும் கிணற்றையும் நிலத்தடி நீரையும் நஞ்சு கலவாமல் காக்க முனைகிறது. நீரைக் கெடுப்பதை அது தடுக்கும். நீர் ஊறும் பாறையைப் பிளப்பதைத் தடுப்பது அதன் வேலையன்று. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளோ, குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்னும் வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. ஆகவே முன்னோர் வெட்டிய பாசன ஏரிகள், எத்தனை நூற்றாண்டுகளாகப் பறவைக்கும் மீனுக்கும் இடம் தந்திருந்தாலும், அவ்விதிகளின் காவலைப் பெறுவதில்லை. தமிழ்நாட்டின் நீர்நிலைகளில் பெரும்பாலானவை ஏரிகளும் கண்மாய்களுமே என்பதை எண்ணினால் இவ்விலக்கின் அளவு விளங்கும்.

ஆசாரிய ஹேமசந்திரர் யோகசாஸ்திரத்தில் சிராவகர் விலக்க வேண்டிய 15 தொழில்களைத் தொகுத்துரைக்கிறார். நிலத்தையும் பாறையையும் பிளந்து பிழைப்பதும், ஏரி குளங்களை வற்றச் செய்வதும் அவற்றுள் அடங்கும். 12-ஆம் நூற்றாண்டில் தனிமனிதனுக்கு விதித்த விலக்கு அது. இன்று ஒரு மலையை உடைப்பவன் தனிமனிதன் அல்லன்; உரிமம் தருவது அரசு, முதலிடுவது நிறுவனம், பங்கு வாங்குவோர் பல்லாயிரவர். அத்தொழிலைத் தான் செய்யவில்லை என்று ஒரு சிராவகர் அமைதியுறலாம். அவர் கையிலுள்ள பங்குப் பத்திரமும் அவர் செலுத்தும் வரியும் அந்த அமைதியைக் கேள்விக்கு உள்ளாக்குகின்றன.

ஜீவதயைக்கென இச்சமுதாயம் அளிக்கும் கொடை பெரிது. பசுக்காப்பகங்களும் பறவை மருத்துவமனைகளும் அதற்குச் சான்று. ஆயினும் அடிபட்ட பறவைக்கு மருந்திட அறக்கட்டளையால் இயலும்; அது கூடு கட்டும் முகட்டைச் சுரங்க வரைபடத்திலிருந்து நீக்க இயலாது. அதற்கு அரசாணையும் ஆண்டு ஒதுக்கீடும் வேண்டும். இன்னொன்றும் சொல்லத்தக்கது. கற்படுக்கையை வணங்கச் செல்வோர் நெகிழிப் புட்டியைச் சுனையருகில் விட்டுவருவாராயின், அவர் அரசிடம் கேட்கும் வாய் வலுவிழக்கும்.

மகாவீரர் திருப்பிறப்பு நாளை ஒட்டிய பங்குனி, சித்திரைக் காலத்தில்தான் பெரும்பாலும் சட்டமன்றத்தில் துறைவாரியான மானியக் கோரிக்கைகள் விவாதிக்கப்படுகின்றன. எனவே விண்ணப்பம் அனுப்ப உகந்த பொழுது இதுவே. பல்லுயிர் மரபுத் தலங்களுக்கெனத் தனித் தலைப்பில் ஆண்டுதோறும் நிதி ஒதுக்குமாறு அதில் கேட்க வேண்டும். அரிட்டாபட்டியின் 200 சுனைகளையும் அளந்து, நீர்வரத்தைப் பருவந்தோறும் பதிவு செய்யும் பொறுப்பை ஊர்க் குழுவிடம் அளித்து, அதற்கு ஊதியமும் வழங்கக் கோர வேண்டும். மத்திய விதிகள் விலக்கிய பாசன ஏரிகளுக்கு மாநிலம் தானே ஒரு காவல் சட்டம் இயற்ற வேண்டும் என்பது மூன்றாவது வேண்டுகோள். விண்ணப்பத்தில் முதற் கையொப்பம் அரிட்டாபட்டி ஊராருடையதாக இருத்தல் முறை. அறக்கட்டளைகளின் கையொப்பங்கள் அவற்றின் கீழே வரலாம்.