விமானம் போட்ட கார்டும் ரூபாய் போட்ட கார்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



என்னைத் தையல் தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான்தான் கிரெடிட் கார்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். போன மாதக் கூட்டத்தில் எங்கள் ஊராட்சியில் மட்டும் நாலு பேர், "அக்கா, கார்டு தர்றாங்களாம், பாயின்ட் வர்றதை வாங்கறதா, காசு திரும்ப வர்றதை வாங்கறதா?" என்று கேட்டார்கள். பதில் ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. சொல்லணும்னா நான் பட்டதையும் சேர்த்துச் சொல்லணும். அதை இதுவரை என் குழுவைத் தவிர வெளியில் சொன்னதில்லை. மேலாளர் சார் கோவிச்சுக்கக் கூடாது. நான் பேசுவது எந்த வங்கியையும் பற்றி இல்லீங்க, என் கணக்கைப் பற்றி.

நான் நைட்டியும் உள்பாவாடையும் தைத்து விற்கிறேன். ஈரோட்டுச் சந்தையில் மாதம் 15,000 ரூபாய்க்குத் துணி எடுப்பேன். தொழில் கடனுக்காக இரண்டு வருடம் வருமான வரிக் கணக்கு போட்டிருந்தேன். அதைப் பார்த்து, மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தம்பி கூப்பிட்டு இரண்டு நோட்டீஸ் கொடுத்தார். ஒன்றில் விமானம் படம். இன்னொன்றில் ரூபாய் படம். ரூபாய் போட்டதில், செலவு செய்தால் நூற்றுக்கு ஒரு ரூபாய் பில்லிலேயே கழியும், வருடக் கட்டணம் 500. விமானம் போட்டதில் நூற்றுக்கு இரண்டு பாயின்ட், கட்டணம் 1,500. பாயின்ட் சேர்ந்தால் டிக்கெட் எடுக்கலாம், விமான நிலையத்தில் உட்கார்ந்து இலவசமாகச் சாப்பிடலாம் என்றார்.

நான் விமானத்தை மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது பார்த்ததோடு சரி. ஆனாலும் விமானத்தைத்தான் எடுத்தேன். காரணம் இருந்தது. எங்க அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, காசிக்குப் போகணும்னு பல வருட ஆசை. துணி எடுக்கிற செலவு எப்படியும் செய்யத்தானே போகிறோம், அதிலேயே காசி டிக்கெட் வந்துவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. ஒன்றைவிட இரண்டு பெரிசுதானே என்றும் ஒரு கணக்கு.

இரண்டு பாயின்ட் என்றால் இரண்டு ரூபாய் இல்லீங்க. நான் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அது. என் கார்டில் ஒரு பாயின்ட்டுக்கு 25 பைசா மதிப்பு. நூறு ரூபாய் செலவு செய்தால் கிடைப்பது 50 பைசா. வருடம் 1,80,000 ரூபாய்க்குத் துணி எடுத்தால் 3,600 பாயின்ட், அதாவது 900 ரூபாய். கட்டணம் 1,500, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 270, மொத்தம் 1,770. ஆக, ஒரு வருடம் ஒழுங்காகக் கார்டு தேய்த்து, ஒழுங்காகப் பணம் கட்டி, 870 ரூபாய் நஷ்டம். அதே செலவுக்கு ரூபாய் போட்ட கார்டு எடுத்திருந்தால் 1,800 வந்திருக்கும். கட்டணமும் வரியும் 590 போக 1,210 கையில் நின்றிருக்கும்.

இதோடு போயிருந்தால் இந்த மேடையில் பேச ஒன்றுமில்லை.

தீபாவளிச் சரக்குக்காக ஆவணி மாதம் 42,000 ரூபாய்க்குத் துணி எடுத்தேன். லிமிட் 60,000 இருக்கே என்ற தைரியம். உண்மையைச் சொன்னால், பாயின்ட் சேருமே என்ற ஆசையும்தான். அவ்வளவு துணி எனக்குத் தேவையே இல்லை. பில் வந்த வாரம் எங்க வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. கையில் இருந்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. பில்லில் இரண்டு தொகை போட்டிருந்தது. மொத்தம் 42,000. குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 2,100. அடடா, 2,100 கட்டினால் போதுமா, நல்ல மனுசங்க என்று நினைத்துக் கட்டிவிட்டேன்.

என் கார்டுக்கு வட்டி மாதம் மூன்றரை சதவீதம். நம்ம பாஷையில் மூன்றரை வட்டி. நம் தெருவில் ஒருத்தர் மூன்றரை வட்டிக்குப் பணம் கொடுத்தால் அவரை என்ன பேர் வைத்துக் கூப்பிடுவோம் என்று உங்களுக்கே தெரியும். 42,000-க்கு மாதம் 1,470 வட்டி. வட்டிக்கும் 18 சதவீதம் வரி, அது 265. மொத்தம் 1,735. நான் கட்டிய 2,100-ல் கடன் குறைந்தது வெறும் 365 ரூபாய்.

அது மட்டுமில்லை. முழுத் தொகையையும் கட்டினால்தான் வட்டியில்லாத நாட்கள் நமக்கு உண்டு. பாக்கி வைத்துவிட்டால், அடுத்து எடுக்கிற துணிக்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அது தெரியாமல் நூலும் லேஸும் வாங்கக் கார்டைத்தான் நீட்டினேன். அதற்கும் பாயின்ட் வந்ததுங்க, அதில் குறையே இல்லை.

மூன்று மாதம் இப்படிப் போனது. குழுவில் சொல்லவில்லை. நான்தான் எங்கள் குழுவின் பிரதிநிதி. தவணை தவறுகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறவள். நானே கடனில் நிற்கிறேன் என்று எந்த வாயால் சொல்ல? கூட்டத்தில் மற்றவர் கணக்கை எழுதும்போது கை நடுங்கும். நாலாவது மாதம் என் சந்தாவையே அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். எங்கள் குழுவில் ஒரு மூத்த அக்கா இருக்கிறார், கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அவர் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "ஏன் அம்மிணி, பத்து வருசத்துல நீ ஒரு நாள் சந்தா பாக்கி வெச்சதில்ல. என்னன்னு சொல்லு" என்றார். சொன்னேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு எனக்கு 45,000 ரூபாய் சங்கக் கடன் கொடுத்தார்கள். ஒரு வட்டி. மாதம் 450 ரூபாய். அந்த ஒரே நாளில் கார்டு பாக்கியை அடைத்தேன். தீர்மானம் எழுதும் முன் என்னைச் சும்மா விடவில்லை, கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். "நீ எந்த ஊருக்குப் போறவன்னு பயணக் கார்டு வாங்குன?" என்று அந்த அக்கா கேட்டார். டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து நமக்கு டிக்கெட்டே கிடையாது. ஈரோட்டுக்கு மாதம் ஒருமுறை, கோயிலுக்கு வருடம் ஒருமுறை. இவ்வளவுதான் என் பயணம்.

கார்டை முடித்துக் கொடுத்துவிட்டேன். ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதிப்படி, பாக்கி இல்லாமல் இருந்து நாம் மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூடித் தரவேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தரவேண்டும். இது தெரிந்திருந்தால், "இன்னும் ஆறு மாசம் வெச்சிருங்கம்மா" என்று போனில் சொல்கிறவர்களிடம் தைரியமாகப் பேசலாம்.

ஒரு வருடம் கார்டே வேண்டாமென்று இருந்தேன். பிறகு ரூபாய் போட்ட கார்டு ஒன்று வாங்கினேன். சிரிக்கிறீர்கள். சூடு பட்டும் திரும்பப் போனாளே என்று. போனதற்குக் காரணம் கேஷ்பேக் இல்லீங்க, நாள். என் பில் 10-ஆம் தேதி வரும், 30-ஆம் தேதிக்குள் கட்டணும். 9-ஆம் தேதி துணி எடுத்தால் கட்ட 21 நாள்தான். 11-ஆம் தேதி எடுத்தால் அது அடுத்த மாத பில்லில் விழும், ஏறக்குறைய 50 நாள் கிடைக்கும். அந்த 50 நாளில் தைத்து, விற்று, தவணைக்கு வாங்கியவர்களிடமும் வசூல் பண்ணிவிடலாம். வட்டியில்லாத 50 நாள் யார் கொடுப்பார்கள்? சிறு வியாபாரிக்கு அந்த நாட்கள்தான் லாபம், ஒரு சதவீதம் கொசுறு. லிமிட்டை நானே எழுதிக் கொடுத்து 25,000 ஆகக் குறைத்துக்கொண்டேன். தேய்த்த அன்றே அந்தத் தொகையை நோட்டில் கடன் பக்கம் எழுதிவிடுவேன்.

கொசுறும் முழுசாக வராது. சந்தையில் சில கடைக்காரர்கள் கார்டு என்றால் இரண்டு சதவீதம் சேர்த்துப் போடுவார்கள். 4,000 ரூபாய்த் துணிக்கு 40 ரூபாய் வரவு, 80 ரூபாய் செலவு. அங்கே பணமாகக் கொடுத்துவிடுவேன். பல கார்டுகளில் பெட்ரோல், நகை, வாடகை, இன்சூரன்ஸ் இவற்றுக்குக் காசு திரும்பாது. தவணை முறையாக மாற்றினாலும் பல இடங்களில் வராது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் இருக்கும். இதெல்லாம் நோட்டீஸின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கும், பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். போன வருடம் கார்டில் 1,20,000 ரூபாய் செலவு. வந்தது 1,200. கட்டணம், வரி 590 போக மீதி 610. ஒரு வருடத்துக்கு அவ்வளவுதான். அதைப் பெரிசாகச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

அதற்காகப் பயணக் கார்டு யாருக்குமே ஆகாது என்று சொல்ல வரவில்லை. பக்கத்து ஊராட்சியில் ஒரு தங்கச்சி துணிப்பை தைத்து, மாதம் இரண்டு தரம் ஈரோட்டிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் கொண்டுபோகிறாள். ஏ.சி. இருக்கை வண்டியில் போய்விட்டு அன்றே திரும்புகிறாள். அவள் ரயில் டிக்கெட்டுக்குப் பாயின்ட் தரும் கார்டு வைத்திருக்கிறாள். அதில் ஒரு பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய் மதிப்பு, அவளுக்குச் சரியாக இருக்கிறது. அதே கார்டை நான் பார்த்தேன். கூடுதல் பாயின்ட் ஏ.சி. வகுப்புக்குத்தான், நாம் போகிற ஸ்லீப்பருக்குக் கிடையாது. கார்டு ஒன்றுதான், போகிற பெட்டி வேறே.

அதனால் எதை வாங்கறதுன்னு கேட்டவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நோட்டீஸைப் பார்க்கும் முன் உங்கள் வரவு செலவு நோட்டை எடுங்கள். மூன்று மாதச் செலவை எழுதுங்கள். அதில் டிக்கெட் எவ்வளவு, மளிகை எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்று பாருங்கள். வருடத்துக்குப் பெருக்குங்கள். பாயின்ட்டைப் பைசாவாக மாற்றுங்கள், கட்டணத்தை வரியோடு கழியுங்கள். சங்கக் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையில்லை. முழு பில்லையும் மாதாமாதம் கட்ட முடியுமா என்று சந்தேகம் இருந்தால், இரண்டு கார்டும் வேண்டாம், குழுவில் கடன் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லணும், சொல்லக் கூச்சமாக இருக்கு. நம் உறுப்பினர் சிலர் குழுத் தவணை கட்ட, போன் கடையில் கார்டைத் தேய்த்துப் பணமாக வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். 10,000 தேய்த்தால் 9,750 கையில் வரும். அது வங்கிக்குத் தெரிந்தால் கார்டை முடக்கலாம். அடுத்த மாதம் கட்ட முடியாவிட்டால் மூன்றரை வட்டி. ஒரு வட்டிக் கடனை அடைக்க மூன்றரை வட்டிக் கடனா? தவணை கட்ட முடியவில்லை என்றால் கூட்டத்தில் சொல்லுங்கள் தாயே. திட்டுவார்கள். என்னையும் திட்டினார்கள். ஆனால் அன்று கேட்ட கேள்விகளால்தான் என் வீடு நின்றது.

பிறகு, "உங்க பாயின்ட் இன்னிக்கு ராத்திரி காலாவதி, இந்த லிங்க்கை அமுக்குங்க" என்று மெசேஜ் வந்தால் அமுக்க வேண்டாம். எனக்கு வந்தது, அப்போது என்னிடம் பாயின்ட் கார்டே இல்லை! பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள்.

அத்தை காசிக்குப் போனார்களா என்று பின்னால் ஒரு அக்கா கேட்கிறார். போனோமுங்க. மாதம் 500 ரூபாய் தனியாகப் போட்டுச் சேர்த்து, ஸ்லீப்பரில் போனோம். வழியெல்லாம் அத்தை புளிசாதத்தைப் பங்கு போட்டுக்கொண்டே வந்தார்கள்.

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. கைப்பையில் கார்டு பில் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். தையல் ஸ்டால் பக்கத்தில் நான் மூன்று மணி வரை இருப்பேன். பில்லைக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம்.