கண்டல் இலையும் உயிரணுவும்



கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்திற்குக் கிழக்கே பிச்சாவரக் காயலில் வெண்கண்டல் இலையைத் தொட்டு, விரலை நாவில் வையுங்கள், உப்புக் கரிக்கும். உவர்நீரில் வேரூன்றிய அம்மரம், தன்னுள் புகுந்த மிகையுப்பை இலைச் சுரப்பிகளின் வழியே வெளியேற்றுகிறது. அச்சுரப்பிகள் உயிரணுக்களால் ஆனவை.

உயிரணு யாது? உயிர்களின் அடிப்படைக் கூறு. அதனுள் மரபுச் செய்தியைத் தாங்கும் உட்கரு. ஆற்றல் ஆக்கித் தரும் இழைமணிகள். பச்சிலையில் கதிரொளியால் உணவாக்கும் பசுங்கணிகங்கள். இவற்றைச் சூழ்ந்தது மென்படலம். அதுவே வாயிற்காவல். வேண்டுவனவற்றை உள்ளேற்கும், வேண்டாதனவற்றை வெளித்தள்ளும். காவல் குலைந்தால் உயிரணு மாயும்.

1665இல் ஆங்கிலேயராகிய இராபர்ட்டு ஊக்கு, தக்கைச் சீவலை நுண்ணோக்கியிற் கண்டார். சிற்றறையைக் குறிக்கும் தம் வழக்குச் சொல்லையே அதற்கு இட்டார். வீட்டுச் சொல் அறிவியற் சொல்லாயிற்று. நாமோ அவர் சொல்லையே 'செல்' என்று எழுதி, மாணவனைப் பொருளறியாது உருவேற்றச் செய்கிறோம். 'உயிரணு' எனில் பொருள் தானே விளங்குமன்றோ?

அறிவு எத்திசையினின்று வரினும் ஏற்போம். அயற்சொல் என்னும் உப்பைக் கண்டல்போல் வெளியேற்றுவோம். மொழிக்கும் அதுவே உயிர்க்காவல். ஆசிரிய நண்பர்களே, நாளை கரும்பலகையில் 'உயிரணு' என்றே எழுதித் தொடங்குங்கள்!