தொழில்: மீன் வியாபாரம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்கு ஏற்றபடி சற்றுச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்ல, நான் மட்டும்தான். போன தை மாசம் எங்க ஆயா தவறிடுச்சு. அதைப் பத்திப் பேசணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்.

எங்க ஊர் எக்கியார்குப்பம். சென்னையிலேருந்து ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறப்போ ரோட்டோரம் வெள்ளை வெள்ளையா உப்பைக் குவிச்சு வெச்சிருப்பாங்களே, நீங்ககூட வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்திருப்பீங்க. அதுதான் மரக்காணம். அங்கேருந்து கடல் பக்கம் திரும்பினா எங்க குப்பம்.

ஊர்ப் பேரை இணையத்துல தேடினா முக்கியமா ரெண்டு விஷயம் வரும். ஒண்ணு, 2004 டிசம்பர் 26, சுனாமி. இன்னொண்ணு, 2023 மே மாசம், மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடிச்சு பத்துப் பேருக்கு மேல செத்தது. ரெண்டுமே சாவுதான். அந்த ஊர்ல எழுபத்தி நாலு வருஷம் நல்லா வாழ்ந்த ஒரு மனுஷியைப் பத்தி எந்தத் தேடல்லயும் வராது. அதனால நான் சொல்றேன்.

ஆயா மீன் விக்கும். விடியக்காலையில படகு கரைக்கு வந்ததும் ஏலம். சத்தமா பேசுறவங்களுக்குத்தான் அங்க நல்ல மீன் கிடைக்கும், அந்த விஷயத்துல ஆயாவுக்குக் குறையே இல்ல. ஏலத்துல எடுத்த மீனை அலுமினியக் கூடையில வெச்சு, பஸ் ஏறி, திண்டிவனம் ரோட்டுல இருக்கிற ஊர்களுக்குப் போவும். தெருத்தெருவா கூவி வித்துட்டு மதியம் திரும்பி வரும்.

ஒருநாள் கண்டக்டர் ஒருத்தர் கூடையோட ஏறக்கூடாது, நாத்தம் அடிக்குதுன்னு சொல்லிட்டாரு. ஆயா கீழ இறங்கல. "நேத்து ராத்திரி உன் வீட்ல என்ன கொழம்புப்பா?"ன்னு கேட்டுச்சு. பஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சிட்டாரு. சிரிப்பா முடிஞ்சது. ஆனா எல்லாப் பொம்பளைக்கும் அப்படி முடியாது. 2021 டிசம்பர்ல குளச்சல்ல ஒரு வயசான மீன்காரம்மாவை நாத்தம்னு சொல்லி பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டாங்க, ஞாபகம் இருக்கா? அந்த வீடியோவைப் பாத்துட்டு ஆயா அன்னைக்கு முழுக்க யார்கிட்டயும் பேசல.

விக்காத மீன் கருவாடாகும். அதுல ஆயாவுக்குத் தனிக் கணக்கு. நெத்திலிக்கு வெயில் போதும். பெரிய மீன்னா வயித்தைக் கீறி, குடலெடுத்து, உப்பு திணிச்சு ஊறவெச்சு, கழுவித்தான் காயவெக்கணும். உப்பை வாயில போட்டுப் பாக்காம வாங்காது. "கசக்குது, வேணாம்"னு அங்கேயே துப்பிடும். கடல் தண்ணியில இருக்கிற மெக்னீசியம் சரியா பிரியலைன்னா உப்பு கசக்கும், அதுல போட்ட கருவாடும் கசக்கும்னு நான் பின்னாடிதான் படிச்சேன். ஆயாவோட நாக்குக்கு அது முன்னாடியே தெரிஞ்சிருந்தது.

சுனாமியில எங்க வீட்ல எல்லாரும் பொழைச்சோம். ஆனா படகு, வலை, பாத்திரம் எல்லாம் போச்சு. எனக்கு அப்போ ஆறு வயசு. அதுக்கப்புறம் பல வாரம் ஜனங்க மீனே வாங்கல. கடல்ல அவ்ளோ பேர் செத்திருக்காங்க, அந்த மீனை எப்படித் தின்றதுன்னு பயம். கூடை அப்படியே திரும்பி வந்தது. ஆயா வழக்கமா போற ஒரு வீட்டுல நின்னு சொல்லுச்சாம்: "இதே மீனை நேத்து என் வூட்ல ஆக்கி, நான்தான் முதல்ல தின்னேன். கெட்டதுன்னா நாளைக்கு நான் வரமாட்டேன். வந்தேன்னா வாங்கிக்கோ." மறுநாள் அந்த வாசல்லயே போய் நின்னுது. அந்தம்மா அரைக் கிலோ வாங்கினாங்க.

தாத்தாவைப் பத்தியும் சொல்லணும். அவர் ஒருகாலத்துல நல்லா குடிப்பாரு. ஆயா அழல, சண்டை போடல. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுச்சு. "யோவ், நீ குடிச்ச அன்னைக்கு உன் மீனை நான் விக்கமாட்டேன். நீயே கூவி வித்துக்கோ." தாத்தா ரோஷத்துல கூடையைத் தூக்கிட்டுப் போனாரு. கடல்ல பாரை மீனோட மல்லுக்கட்டுற மனுஷன், தெருவுல நின்னு "மீனேய்"னு கூவ வாய் வரல. மதியம் முழுக் கூடையோட திரும்பி வந்தாரு. ஆயா ஒண்ணும் பேசாம அதைக் கருவாடு போட்டுச்சு. அப்புறம் குடி கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, ஒருநாள் நின்னே போச்சு.

2023 மே மாசம், செத்தவங்க வீடுகளுக்கு ஆயா கஞ்சி எடுத்துட்டுப் போவும். தாத்தா திண்ணையில உக்காந்து அதைப் பாத்துட்டே இருந்தாரு. "அந்தக் கூடையை அவ என் தலையில ஏத்தலைன்னா, இந்தக் கஞ்சி நம்ம வூட்டுக்கு வந்திருக்கும்"னு என்கிட்ட மெதுவா சொன்னாரு. அவர் ஆயாவைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போ நான் சொல்லவந்த விஷயம். ஆயாவோட இறப்பைப் பதிய படிவம் நிரப்பினாங்க. இறந்தவரோட தொழில்னு ஒரு கட்டம். எழுதிட்டிருந்தவர் கேட்டாரு. எங்க மாமா கொஞ்சம்கூட யோசிக்காம சொன்னாரு: "தொழில்லாம் ஒண்ணும் இல்ல சார், வீட்லதான்." மாமாவைப் படிக்கவெச்சதே அந்தக் கூடைதான். உண்மையைச் சொல்றேன், நானும் பக்கத்துலதான் நின்னேன். எனக்கும் அது தப்பாவே தோணல.

தாத்தா எழுந்து உள்ள போனாரு. டிரங்குப் பெட்டியிலேருந்து ஆயாவோட பாஸ்புக்கை எடுத்துட்டு வந்தாரு. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம்னு ஒண்ணு இருக்கு. கூட்டுறவு சங்கத்துல உறுப்பினரா இருக்கிற பெண்கள் ₹1,500 சேத்தா, அரசு ₹3,000 போட்டு, தொழில் மந்தமான மாசங்கள்ல ₹4,500 ஆகத் திருப்பிக் குடுக்கும். ஆயா அதுல வருஷா வருஷம் பணம் கட்டியிருக்கு. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அந்தப் புத்தகம் எதுக்குன்னு தெரியும். மேசை மேல வெச்சு, "மீன் யாவாரம்னு எழுது"ன்னாரு.

எழுதினாங்க.

அவ்ளோதான் நண்பர்களே. உங்க வீட்லயும் ஒரு ஆயாவோ, பாட்டியோ, அம்மாச்சியோ இருப்பாங்க. இட்லி மாவு வித்திருப்பாங்க, தையல் போட்டிருப்பாங்க, களை எடுத்திருப்பாங்க, மாடு வெச்சுப் பால் ஊத்தியிருப்பாங்க. அவங்க என்ன தொழில் பண்ணாங்கன்னு இன்னைக்கே போன் பண்ணிக் கேளுங்க. படிவத்துல கேக்கிறவரைக்கும் காத்திருக்காதீங்க. நான் அப்படித்தான் காத்திருந்தேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.