விசாரணைக் கூண்டில் செவிலியர் மட்டுமா?

(செவிலியர் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



செவிலியரின் கவனக்குறைவால் பாதிக்கப்பட்ட நோயாளி புகார் அளிப்பது அவரது உரிமை. தொழிற்சங்கம் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது. அரசு மருத்துவமனையை நம்பி வருவோர் உழைக்கும் மக்களே.

பதிவு பெற்ற செவிலியர் மீதான புகார்களை மாநிலக் கவுன்சில்கள் விசாரித்து வந்துள்ளன. 2023ஆம் ஆண்டின் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் இப்பொறுப்பை மாநில ஆணையங்களுக்கு அளிக்கிறது. பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டால் பிழைப்பே பறிபோகும். எனவே குற்றச்சாட்டை எழுத்தில் பெறுவதும், ஆவணங்களைப் பார்வையிடுவதும், தம் தரப்பைக் கூறுவதும் செவிலியருக்கு இயற்கை நீதி வழங்கும் உரிமைகள்.

அடிப்படைக் கோளாறு வேறிடத்தில் உள்ளது. இந்த ஒழுங்கு நடவடிக்கை பதிவு பெற்ற செவிலியரையே எட்டும். ஆள் குறைத்து இலாபம் ஈட்டும் நிர்வாகத்தை எட்டாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பொது வார்டில் மூவருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் கவுன்சிலின் நெறிமுறை. சம்பவ நாளில் அது கடைப்பிடிக்கப்பட்டதா என்பதே விசாரணையின் முதற்கேள்வியாக வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு மறுமொழியுடனும் பணிப் பட்டியல், பணி ஒப்படைப்புப் பதிவேடு, கூடுதல் ஆள் கேட்டு எழுதிய கடிதங்கள் ஆகியவற்றின் நகல்கள் இணைக்கப்பட வேண்டும். கடிதம் எழுதும் பழக்கம் புகார் வருமுன்பே தொடங்க வேண்டும். தனியொரு செவிலியர் எழுதத் தயங்கும் கடிதத்தைச் சங்கம் எழுதட்டும்.

நோயாளியின் நீதியும் செவிலியரின் நீதியும் எதிரெதிரானவை அல்ல. காலிப் பணியிடங்களை நிரப்பும் போராட்டத்தில் இருவரும் ஓரணியே!