மூக்கைக் கடைசியில் கேளுங்கள்



சீனத்து அகில் வேலைப்பாடு ஒன்றை வாங்க ஒருவர் கடைக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கிறார். குப்பென்று மணம் அடிக்கிறது. நம் ஆள் சொக்கிப்போய்ச் சட்டைப் பையில் கையை விடுகிறார். நான் பக்கத்தில் இருந்தால் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடுவேன். செதுக்கிப் பல காலமான அகில் சும்மா வைத்திருக்கும்போது அப்படி மணக்காது. நல்ல பழைய கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனால் மெலிதாக ஒரு வாசம் வரும், போகும். சில நாள் அதுவும் வராது. வாசல்வரை மணக்கிறது என்றால், அது பெரும்பாலும் அண்மையில் ஏற்றிய எண்ணெயின் மணம்.

அகில் வாங்குகிறவர்கள் ஏமாறுவது முக்கால்வாசி மூக்கால்தான். மற்றப் புலன்களைவிட அதற்குக் கையூட்டுக் கொடுப்பது எளிது. அதனால் என் பேச்சு இன்று பெரும்பாலும் கண்ணைப் பற்றித்தான்.

முதலில் மரம். பெரும்பாலும் அக்விலேரியா என்ற பேரினத்து மரங்கள்தான் அகிலைத் தருகின்றன. நோய்நொடி இல்லாத மரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெளிறிப்போன, எடையில்லாத, மணமில்லாத கட்டைதான் இருக்கும். முருங்கைக் கட்டையைவிடக் கொஞ்சம் தேவலை. காற்றில் கிளை முறியவேண்டும், பூச்சி துளைக்கவேண்டும், அந்தப் புண்ணில் பூஞ்சை குடியேறவேண்டும். அப்போதுதான் மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசினைச் சுரக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஊறி ஊறி அந்தப் பகுதி மட்டும் கறுத்து, கனத்து, கடைசியில் நீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியாகிறது. ஒரே துண்டில் ஒரு விரற்கடை இரும்புபோல் இருக்கும், அடுத்த விரற்கடை பொடிப்பொடியாக உதிரும்.

இதைச் செதுக்குகிற சிற்பியின் நிலையை எண்ணிப் பாருங்கள். சந்தனம் சொன்னபடி கேட்கும். அகில் கேட்காது. உளி பிசின் கோட்டில் பட்டால் சிதறும், வெறும் மரத்தில் பட்டால் புதைந்துவிடும். நடுவில் பொந்து வேறு. அதனால் சீனத்துக் கைவினைஞர்கள் மரத்தோடு சண்டை போடவில்லை. பொந்து இருந்த இடத்தில் குகை வைத்தார்கள். கறுத்த வரி ஓடிய இடத்தில் பைன் மரத்தின் அடிப்பகுதியை நிறுத்தினார்கள். பாறை மடிப்புகளும் மேகமும் ஆற்றில் ஒரு படகும் அகிலுக்கு அவ்வளவு பொருந்துவது தற்செயல் இல்லை. மிங், சிங் அரசமரபுக் காலத்துக் கிண்ணங்களிலும் தூரிகைக் குவளைகளிலும் மேசைமேல் வைக்கும் சிறு மலைகளிலும் இதைப் பார்க்கலாம். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்திலும் தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்திலும் அகில் வேலைப்பாடுகள் இருக்கின்றன. வாங்க நினைப்பவர்கள் முதலில் இத்தகைய சேகரிப்புகளின் படங்களையாவது வேண்டிய மட்டும் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளவேண்டும்.

அந்தச் சிறு மலைக்கு நீண்ட வரலாறு உண்டு. சோங் அரசமரபுக் காலக் கவிஞர் சூ ஷி, அரசின் சினத்துக்கு ஆளாகி 1097இல் ஹைனான் தீவுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய தம்பி சூ ஜெயும் அப்போது தண்டனை பெற்றுத் தெற்கேதான் இருந்தார். தம்பியின் பிறந்தநாளுக்கு அண்ணன் அனுப்பிய பரிசு, மலை வடிவிலான ஓர் அகில் கட்டை. அதைப் பற்றி அவர் எழுதிய பாடல் இன்றும் இருக்கிறது. அவருக்கு முன்பே அதே தீவுக்குத் துரத்தப்பட்ட முன்னாள் அமைச்சர் டிங் வெய், அகிலை நான்கு பெயர்களாகவும் பன்னிரண்டு வடிவங்களாகவும் வகைபிரித்து ஒரு நூலே எழுதினார். தலைநகரில் இருந்தவரை எரித்து முகர்ந்ததோடு சரி. மரம் வளரும் இடத்துக்குத் தள்ளப்பட்ட பிறகுதான் இவர்கள் அதை உற்றுப் பார்த்தார்கள் போலும்.

‘சீன அகில்’ என்று சொன்னால் மரமும் சீனத்தது என்று பொருளில்லை. ஹைனானிலும் குவாங்டொங்கிலும் அக்விலேரியா சினென்சிஸ் வளர்கிறது, உண்மைதான். ஆனால் வியட்நாம், கம்போடியா, மலாய்த் தீவுகள் என்று எங்கிருந்தெல்லாமோ கப்பலில் கட்டைகள் வந்து இறங்கின. 1974இல் சீனாவின் சுவான்சோ விரிகுடாவில் சேற்றிலிருந்து ஒரு சோங் காலக் கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். அதில் 2,000 கிலோவுக்கு மேல் நறுமணக் கட்டைகள் இருந்தன, அகிலும் அவற்றில் ஒன்று. அதே சுவான்சோவில்தான் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. நம் வணிகர்கள் அங்கே சிவனுக்குக் கோயில் கட்டியிருந்தார்கள். ஆகவே ‘சீன’ என்பது செதுக்கிய கையைக் குறிக்கும். இது ஹைனான் மரம்தான் என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்கிற வியாபாரியிடம், எப்படித் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

ஏனென்றால், மரத்தை வெறுமனே பார்த்து எந்த நாட்டு மரம் என்று சொல்லமுடியாது. அகில்தானா என்பதைப் பெரும்பாலும் சொல்லலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். பொருளைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடிப்பாகத்தில் எங்காவது மரம் குறுக்காக வெட்டுப்பட்ட இடம் இருக்கும். சாதாரண மரங்களில் உணவைக் கொண்டுசெல்லும் திசு பட்டையை ஒட்டித்தான் இருக்கும். அக்விலேரியாவில் அது கட்டைக்குள்ளேயே சின்னச் சின்னத் தீவுகளாகச் சிதறிக் கிடக்கும். பிசின் பெரிதும் தேங்குவதும் அந்தத் தீவுகளில்தான். அதனால் லென்ஸில் கறுத்த கண்கள்போலத் தெரியும். அந்தக் கண்கள் இல்லையென்றால் மேற்கொண்டு பேசவேண்டியதில்லை. இருந்தால், மரம் அகில் என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைத்திருக்கிறது.

அகில் மரமே போலியாகவும் இருக்கலாம் என்பதுதான் இந்தத் துறையின் குறும்பு. பிசினே ஏறாத இளங்கட்டையை எடுத்துச் சாயமும் எண்ணெயும் ஏற்றிக் கறுப்பாக்குகிறார்கள். மட்டமான கட்டையைப் பெரும் அழுத்தத்தில் நசுக்கி நீரில் மூழ்க வைக்கிறார்கள். சிலர் உள்ளே உலோகத்தையே செருகிவிடுகிறார்கள். ஆகவே ‘மூழ்குகிறது பாருங்கள்’ என்ற வித்தைக்கு மதிப்பில்லை. பழைய பொருளை நீரில் போடுவதும் பாவம். நசுக்கிய கட்டையை லென்ஸ் காட்டிக்கொடுக்கும், வட்டமாக இருக்கவேண்டிய துளைகள் சப்பையாகியிருக்கும். எண்ணெய் ஏற்றியதைத் துடைத்தால் வெள்ளைத் துணியில் கறை ஒட்டும். கெட்டிப்பட்ட பிசின் அப்படி ஒட்டாது. நிறமும் பேசும். உண்மையான அகிலில் கறுப்பும் பழுப்பும் மாறி மாறி, ஒழுங்கில்லாமல் ஓடும். பள்ளம் மேடு எல்லாம் ஒரே கறுப்பு என்றால் அது தொட்டியில் முக்கி எடுத்தது.

பெரிய பொருளில் ஒட்டு தெரிந்தால் பலர் பதறுகிறார்கள். பதறவேண்டாம். பிசின் ஏறிய மரம் பெரிய கட்டையாகக் கிடைப்பது அரிது. பழைய கைவினைஞர்களே பல துண்டுகளைச் சேர்த்து, ஒட்டை ஒரு பாறை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கிண்ணங்கள் சிலவற்றுக்கு உள்ளே வெள்ளித் தகடு வைத்ததும் உண்டு. எனக்கு ஐயம் வருவது, ஒட்டே இல்லாத, முழங்கை உயரமுள்ள, சீரான கறுப்பில் மினுக்குகிற ஒற்றைக் கட்டையைப் பார்க்கும்போதுதான்.

அடுத்தது வயது. கார்பன் கணிப்பு மரம் எப்போது வளர்ந்தது என்று சொல்லும். செதுக்கியது எப்போது என்று சொல்லாது. பழைய கட்டையில் போன மாதம் செதுக்கலாம் அல்லவா? இங்கே உளித்தடம்தான் சாட்சி. கைவேலையில் ஒவ்வொரு கீற்றும் ஆழம் மாறும். சுழலும் கருவி பள்ளத்தின் அடியில் ஒரே அளவு வட்டத் தடங்களை விட்டுச் செல்லும். கை பட்டுப் பட்டு மேட்டுப் பகுதிகள் மழுங்கியிருக்கவேண்டும், இடுக்குகளில் அழுக்கு இறுகியிருக்கவேண்டும். செதுக்கிய கிழவர் உருவின் மூக்கு கூர்மையாகவும் அவர் காலடிப் பள்ளம் தேய்ந்தும் இருந்தால், தேய்த்தது காலம் இல்லை. கட்டையில் சம இடைவெளியில் வட்டத் துளைகள் தெரிந்தால் அது இக்காலத் தோட்டத்து மரம். பிசின் ஊறுவதற்காக மரத்தைத் துளையிட்டுப் பூஞ்சையோ வேதிப்பொருளோ செலுத்துகிறார்கள். அதில் குற்றமில்லை. அதைச் சிங் காலத்தது என்று விற்பதுதான் குற்றம்.

இத்தனையும் தேறிய பிறகு மூக்கைக் கேட்கலாம். அடிப்பாகத்திலிருந்து, விற்பவர் இசைவோடு, கடுகளவு சுரண்டி மைக்கா தகட்டில் வைத்து மெல்லச் சூடாக்குங்கள். எரிக்கக் கூடாது. உண்மையான அகிலின் மணம் படிப்படியாக விரியும். முதலில் வந்ததும் கடைசியில் வருவதும் வேறாக இருக்கும். எண்ணெய் ஏற்றியதன் மணம் ஒரே வீச்சாக வந்து தீர்ந்துவிடும். சூடான ஊசியைக் குத்திப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம், வடு நிலைத்துவிடும். விலை பெரிதென்றால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பினைல் எதில் குரோமோன் என்ற வகைச் சேர்மங்கள் பிசின் ஊறிய அகிலின் அடையாளம். மருந்துக்கு வாங்கும் அகிலிலிருந்து எத்தனாலில் கரையும் சத்து 10 விழுக்காடாவது வரவேண்டும் என்று சீன மருந்தியல் கையேடு வைத்திருக்கும் அளவுகோலும் ஒரு துணை.

மணிமாலைகளைப் பற்றித் தனியாக ஒரு சொல். சிங் அரண்மனையில் பதினெட்டு மணிக் கைமாலைகள் இருந்தன. அகில் மணிகளில் பொன்னால் ‘நீடு வாழ்க’ என்ற எழுத்தைப் பதித்தவையும் உண்டு. இன்று சந்தையில் அதிகம் போலியாவதும் மணிகள்தான். சின்னப் பொருள், செதுக்கு வேலையும் குறைவு, ஆகவே பார்த்து அறியக் கண்ணுக்குக் கிடைப்பதும் குறைவு. புதிதாகத் தொடங்குபவர்கள் மணியில் தொடங்குகிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது.

கடைசியாக, சட்டம். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் அக்விலேரியா மலாக்கென்சிஸ் 1995 முதலும், முழுப் பேரினமும் 2005 முதலும் இடம்பெற்றிருக்கின்றன. பொதிந்து சில்லறை விற்பனைக்குத் தயாரான முழுமையடைந்த பொருள்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் சில்லுகளுக்கும் மணிகளுக்கும் செதுக்கு வேலைகளுக்கும் அந்த விலக்கு கிடையாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு கிண்ணத்தைக் கொண்டுவர அனுமதித் தாள் வேண்டும். பழம்பொருள் என்றால் உடன்படிக்கைக்கு முந்தையது என்ற சான்று வேண்டும். இது தொல்லைபோலத் தெரியும். ஆனால் மரத்தின் பேரினப் பெயரும், பழம்பொருள் என்றால் அது உடன்படிக்கைக்கு முந்தையது என்ற உறுதியும் கையொப்பத்தோடு வருவது இந்தத் தாளில்தான். பணம் கொடுக்கும் முன் அதைக் கேளுங்கள். கூடவே ரசீதில் ‘அக்விலேரியா, எண்ணெய் ஏற்றாதது, இன்ன நூற்றாண்டு’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் பேனாவை எடுக்கிறாரா, பேச்சை மாற்றுகிறாரா என்று பாருங்கள்.