கல்லுப் போட முன்னம் தண்ணிக்கு வழி பார்ப்போம்

(வீட்டுக்காணி கிடைக்கவுள்ள குடும்பங்களுக்காகத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆற்றிய பேச்சு)



பிரட்டு முடிந்து, கொழுந்து நிறுத்து, களைத்துப்போய் வந்திருக்கிறீர்கள். அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். ஏழு பேர்ச்சஸ் காணி என்றவுடன் எல்லாரும் முதலில் கேட்பது, "என் லொட்டு எங்க வரும்?" என்றுதான். நானும் லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவன். அந்த ஆசை எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முந்திக் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. பாதை எங்கே, தண்ணி எப்படி வரும், கழிவுத் தண்ணி எங்கே போகும், கரண்டுப் போஸ்ட் எங்கே நிற்கும்?

நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் இதைக் கேட்காமலே காணி பிரித்தார்கள். ஒரு ஏக்கர் என்றால் 160 பேர்ச்சஸ். ஏழால் பிரித்தால் 22 லொட்டு வரும், ஆறு பேர்ச்சஸ் மிஞ்சும். கடுதாசியில் கணக்கு சரி. 22 குடும்பத்துக்கும் கல்லுப் போட்டாயிற்று. நடக்க நாலடி வழிதான் மிச்சம். வீடு கட்டும்போது சீமெந்து மூட்டை, பிளாக்கல், தகரம் எல்லாம் மெயின் பாதையிலிருந்து தலையிலேயே போனது. அதைக்கூடப் பொறுத்தார்கள். ஒரு இரவு ஒரு மகளுக்குப் பிரசவ வலி வந்தது. 1990க்கு அடித்தார்கள், ஆம்புலன்சும் வந்தது. ஆனால் மேல் முடக்கிலேயே நின்றுவிட்டது. மழையில் கதிரையில் உட்கார வைத்துத் தூக்கிப் போனார்கள். தாயும் பிள்ளையும் தப்பியது கடவுள் புண்ணியம். அடுத்த நாள் எல்லாரும், "பாதைக்கு ஆளுக்கு நாலடி விடுவோம்" என்றார்கள். ஒருவரும் விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது நாற்பது வருசம் கழித்துக் கிடைத்த நிலத்தில் யார்தான் நாலடி விடுவார்?

சரியான கணக்கு இதுதான். பன்னிரண்டடி அகலப் பாதை 300 அடி நீளத்துக்குப் போனால் 3,600 சதுர அடி. ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி சொச்சம், ஆகப் பாதைக்கு மட்டும் 13 பேர்ச்சஸ் வேண்டும். பாதையோரக் கானுக்கு மூன்றடி என்றால் இன்னும் மூன்று பேர்ச்சஸ். அப்போது அந்த ஏக்கரில் 22 அல்ல, 20 லொட்டுத்தான் வரும். மீதி ரெண்டு குடும்பத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு துண்டு காணியை அப்போதே எழுத்தில் கேளுங்கள். ரெண்டு லொட்டுக்காகப் பாதையை மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள். பாதையும் கானும் பொது நிலம் என்று சர்வேயர் பிளானிலேயே கோடு போட்டு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு உதவாது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபை வேலை செய்யத் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். ஆகவே பாதைக்குச் சபையிடம் கேட்க இப்போது வழி இருக்கிறது. ஆனால் பிளானில் இல்லாத பாதையை எந்தச் சபை போட்டுத் தரும்?

இனித் தண்ணி. இதில்தான் கொஞ்சம் நேரம் எடுப்பேன். ஏனென்றால் பீலிக்கரையில் குடத்தோடு நிற்பவர்கள் இங்கே இருக்கிற தாய்மார்தான்.

மேல் மலையில் ஊற்று இருக்கிறது, "அது எங்க தாத்தா காலத்துத் தண்ணி, வத்தாது" என்று சொல்வீர்கள். அளந்து பார்த்தீர்களா? 20 லீற்றர் வாளி ஒன்றும் மணிக்கூடும் போதும். மழைக்காலத்தில் அளக்காதீர்கள். பெப்ரவரி, மார்ச் காய்ச்சலில் அளக்க வேண்டும். வாளி நிறைய 100 செக்கன் எடுத்தால் ஒரு நாளைக்கு 17,280 லீற்றர் வரும். 20 வீடு, வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 100 லீற்றர் என்றால் 10,000 லீற்றர் போதும். தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் நம்முடைய லயங்களில் எல்லாரும் பைப்பைத் திறப்பது எப்போது? காலை ஐந்திலிருந்து ஏழு, பிரட்டுக்குப் போக முன்னம். அந்த ரெண்டு மணித்தியாலத்தில் ஊற்றில் வருவது 1,440 லீற்றர். வீட்டுக்கு 72 லீற்றர், மூன்றரை வாளி. சண்டை அங்கேதான் பிறக்கிறது. இரவில் ஓடிப் போகிற தண்ணியைப் பிடித்து வைக்க டாங்கி வேண்டும். அந்த டாங்கிக்கு, மேல் வீட்டையும் விட உயரத்தில் இடம் வேண்டும்.

இன்னொன்று. லயத்தில் தொங்கக் காம்பராவுக்குத்தான் தண்ணி வராது என்று பழகியிருக்கிறோம். மலைச்சரிவில் அது மாறி நடக்கும். சின்னப் பைப்பு போட்டால் கீழ் வீடுகள் திறந்தவுடன் தண்ணி எல்லாம் இறங்கிவிடும், டாங்கிக்குப் பக்கத்து வீடு காயும். ஆகவே மெயின் பைப்பு ரெண்டங்குலமாவது இருக்கட்டும், வீட்டுக்குப் பிரிவது அரை அங்குலம் போதும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வால்வு வேண்டும். இறக்கம் மிக அதிகமென்றால் நடுவில் ஒரு சின்னத் தொட்டி கட்டி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே மூட்டு மூட்டாகப் பைப்பு வெடிக்கும்.

ஊற்று நம் லொட்டுக்குள் இல்லை. தேயிலை மலைக்குள் இருக்கிறது. இன்றைக்கு இருக்கிற துரை நல்லவர், சரி என்பார். நாளைக்கு வருபவர்? ஊற்று, டாங்கி, பைப்பு போகிற வழி மூன்றுக்கும் தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் வாங்குங்கள், கொப்பி ஒன்று கமிட்டியிடம் இருக்கட்டும்.

மலசலகூடக் குழி ஊற்றுக்குக் கீழ்ப்பக்கம், நூறடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் பயப்படுவது குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணிக்கு. மேல் வரிசை வீட்டுத் தண்ணியைச் சும்மா சரிவில் விட்டால், அது கீழ் வீட்டுப் பின்சுவருக்குள் ஊறும். மண் ஊறினால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுத்த பிறகுதான் கல்லுப் போட விடுங்கள். அவர்கள் "இங்கே வேண்டாம்" என்றால் கோபப்படாதீர்கள். கழிவுத் தண்ணிக்கும் மழைத் தண்ணிக்கும் கல் பதித்த கான் வெட்டி, ஆற்றுப் பக்கம் கொண்டுபோய் விட வேண்டும்.

கரண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கொரு விண்ணப்பமாகப் போகாமல் எல்லாரும் ஒன்றாகப் போங்கள். தனியாகப் போனால் தூரத்து வீட்டுக்காரர் தலையில் போஸ்ட் செலவு விழும். போஸ்ட் பாதையின் ஒரு பக்கம், பைப்பு மறுபக்கம் போகட்டும். பைப்புக்குத் தோண்டினால் போஸ்ட் சாயாது, யார் கூரைக்கு மேலும் வயரும் போகாது.

சர்வேயர் வருகிற நாள் வேலை நாளாக இருந்தாலும், வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் நில்லுங்கள். அதிலும் தாய்மார் நிற்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊற்றடிக்குப் போகிறோம். வாளியை நான் கொண்டு வருகிறேன். செக்கன் முள் உள்ள மணிக்கூடு இருக்கிற தம்பி ஒருவர் வந்தால் போதும்.